தொடக்கப் பள்ளியில் பணி நிறைவு விழா: தேதி குறிப்பதிலிருந்து வீட்டில் கொண்டுபோய் விடுவது வரை

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மே 31 என்றாலே பணி ஓய்வு நாள்தான். அந்தக் காலத்தில் பிறந்த தேதி தெரியாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு, ஐந்து வயது கணக்குக்குப் பொருந்தும்படி மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுத் தலைமை ஆசிரியரே சேர்த்துக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆசிரியராகி, அந்தத் தேதிப்படியே ஓய்வு பெறுகிறார்கள். 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள்தான் ஓய்வு நாள். பிறந்த தேதி 1 என்றால் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். ஆண்டின் நடுவில் வயது நிறைந்து, கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனத்தில் இருப்பவர்களும் ஆண்டுக் கடைசியில்தான் விடைபெறுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மே 31 அன்று பள்ளியில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கோடை விடுமுறையில் பூட்டிய பள்ளியைத் திறந்து, பத்து ஆசிரியர்கள் கூடி ஒரு சால்வையைப் போட்டு அனுப்பிவைப்பது பல ஊர்களில் நடக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவரைப் பிள்ளைகளே இல்லாமல் அனுப்பக் கூடாது. எனவே தாளில் ஓய்வு நாள் எதுவாக இருந்தாலும், விழாவை ஆண்டுத் தேர்வு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வைத்துவிடுங்கள். தேர்வின் கடைசி நாளை நம்ப வேண்டாம். வெயில் கடுமையாகும் வருடங்களில் தேர்வு அட்டவணை முன்னால் நகரும். தேர்வு முடிந்த கையோடு பாதிப் பிள்ளைகள் பாட்டி ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். மார்ச் கடைசி வாரம் அல்லது ஏப்ரல் முதல் வாரம், வேலை நாளில், காலை 10 மணிக்குத் தொடங்கி 11.30-க்குள் முடிவது சரியான அளவு. சனிக்கிழமை வைத்தால் பிள்ளைகள் வர மாட்டார்கள். பிற்பகலில் வைத்தால் தகரக் கொட்டகைக்குக் கீழே யாராலும் உட்கார முடியாது.

ஆண்டு விழாவோடு சேர்த்து வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நடன உடையில் நாற்பது பிள்ளைகள் முறை வருமா என்று காத்திருக்கும்போது ஏற்புரையை யாரும் கேட்க மாட்டார்கள். செலவு மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் விடைபெறுபவரின் நேரம் அதில் கரைந்துபோகும்.

யாருக்கு விழா என்பதையும் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். பள்ளி என்றால் ஆசிரியர் மட்டும் இல்லை. சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர், வளாகத்தைப் பெருக்கிக் கழிவறையைக் கழுவும் தூய்மைப் பணியாளர் எல்லோரும் அதே பிள்ளைகளுக்காகத்தான் உழைத்தார்கள். ஒரே ஆண்டில் எச்.எம்.மும் சமையல் அம்மாவும் ஓய்வு பெற்றால் ஒரே மேடை, ஒரே மாதிரி நாற்காலி, ஒரே அளவு சட்டம் போட்ட பாராட்டு மடல். அவருக்கு மாலை, இவருக்குத் துண்டு என்று பிரித்தால் முன்வரிசையில் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதையும் கற்றுக்கொண்டு போகும். இன்னொன்று: தன் விழாவுக்குத் தானே சமைக்கும் நிலையில் சமையல் அம்மாவை விடாதீர்கள். அன்றும் சத்துணவு நிற்காது. உதவியாளரோடு பக்கத்துப் பள்ளியிலிருந்தோ ஊரிலிருந்தோ ஒருவரை முதல் நாளே சொல்லிவைத்து, சமையல் அம்மாவைப் புதுச்சேலையோடு குடும்பத்துடன் நேராக மேடைக்கு வரச் செய்யுங்கள்.

பணம் வசூலிப்பதில்தான் மனக்கசப்பு தொடங்கும். பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆசிரியர்களிடம் வாங்கும்போதும் இவ்வளவு தந்தே ஆக வேண்டும் என்று தொகை குறிக்காமல், ஒருவர் பொறுப்பில் நோட்டுப் போட்டு வாங்குங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகளில் அன்பளிப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. பழைய மாணவர்கள் சேர்ந்து மோதிரம் போடுகிறோம், வண்டி வாங்கித் தருகிறோம் என்று வந்தால், வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொண்ட பிறகே பேச்சை வளர்க்க வேண்டும். விழாத் தேதியையும் அங்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பெரிய பரிசு தர விரும்புபவர்களைப் பள்ளிக்கு ஒரு புத்தக அலமாரியோ தண்ணீர் வடிகட்டியோ ஓய்வு பெறுபவர் பெயரில் வாங்கித் தரச் சொல்லலாம். இருப்புப் பதிவேட்டில் ஏற்ற மறக்காதீர்கள்.

சால்வை விஷயத்திலும் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வொருவரும் ஒரு பொன்னாடை போர்த்தினால் இருபத்தைந்து சால்வை சேரும், அரை மணி நேரம் போகும், வீட்டில் அது மூட்டையாகவே கிடக்கும். பள்ளி சார்பில் ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழு சார்பில் ஒன்று போதும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதைப்புத்தகம் கொண்டுவந்தால், அதை ஓய்வு பெறுபவர் கையாலேயே பள்ளி நூலகத்துக்குக் கொடுக்க வைக்கலாம்.

பாராட்டு மடலும் பேனரும் அச்சுக்குப் போகும் இடத்தில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, எழுத்து. நீங்கள் கைபேசியில் தட்டி அனுப்புவது ஒருங்குறி (யூனிகோடு) எழுத்து. பல அச்சகங்களில் வடிவமைப்பது பழைய எழுத்துருவில். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஸ, ஷ, ஹ காணாமல் போகும். எனவே அனுப்பும் முன் திருத்திப் பயன் இல்லை. அச்சகம் தரும் மாதிரிப் படத்தை இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் சரிபார்க்க வேண்டும். முதலெழுத்து, பட்டங்களின் வரிசை, பணியில் சேர்ந்த ஆண்டு மூன்றையும் ஓய்வு பெறுபவரிடமே காட்டிவிடுங்கள். இரண்டாவது, படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். 8-க்கு 4 அடியில் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆவணமாக அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் கொடுங்கள். மடலுக்கு 12-க்கு 18 அங்குலம் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் வீட்டுச் சுவரில் இடம் இருக்காது.

மடலில் என்ன எழுதுவது? “அறிவுச்சுடரே, கருணைக் கடலே” என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். அவர் செய்ததை எழுதுங்கள். இரண்டு வகுப்பறைக் காலத்தில் வந்து ஐந்தாக்கியது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளைகளைச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு கால் மணி நேரம் தனியே உட்கார வைத்தது, கரும்பு வெட்டப் போன குடும்பத்தைத் தேடிப் போய்ப் பிள்ளையைத் திரும்பச் சேர்த்தது. சமையலருக்கு என்றால், முட்டை சாப்பிடாத பிள்ளை யார் யார் என்று பெயர் சொல்லத் தெரிந்தது. இப்படி நான்கு வரி இருந்தால் போதும். தகவலுக்குச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். அவர் வந்த ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருக்கும். அந்தப் பெயர்களை வைத்தே ஊரில் இருக்கும் பழைய மாணவர்களைத் தேடலாம். பத்து ஆண்டுக்கு ஒருவராகக் கூப்பிட்டால் மூன்று பேர். பேசுவதற்கு அது போதும்.

எல்லாவற்றையும்விட மதிப்புள்ள பரிசு பிள்ளைகள் எழுதிய ஏடுதான். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும். ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும். சுருள் கம்பி போட இடப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் விட்டு, பென்சிலில் கோடு போட்டுக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் பெயர் எழுதிய இடத்திலேயே ஓட்டை விழும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு படம் வரையட்டும். மற்றவர்களிடம் “டீச்சரைப் பற்றி எழுது” என்றால் அறுபது பேரும் “எங்கள் டீச்சர் நல்லவர்” என்றே எழுதுவார்கள். கேள்வியாகக் கேளுங்கள். டீச்சர் அடிக்கடி சொல்லும் சொல் எது? கோபம் வந்தால் முகம் எப்படி இருக்கும்? உனக்கு அவர் சொல்லித்தந்ததில் இன்னும் மறக்காதது எது? நாளைக்கு அவர் வரவில்லை என்றால் வகுப்பில் என்ன இருக்காது? “சாக்பீஸ் டப்பாவுல இருக்கிற மிட்டாய் இருக்காது” என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்த ஏட்டை அவர் ஆயுளுக்கும் வைத்திருப்பார்.

எழுத்துப் பிழைகளைத் திருத்தாதீர்கள். “டிச்சர்” என்று எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும். அன்று வராத பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு மறுநாள் வாங்குங்கள். ஒரு பிள்ளையின் தாள் விட்டுப்போனால் அது மேடைக்கு முன்னால் அழும். கடைக்குக் கொடுக்கும் முன் எல்லாத் தாளையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியில் பிள்ளைகள் முதலில் வர வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு இரண்டு நிமிடம், பிள்ளைகளின் பாட்டும் பேச்சும் இருபது நிமிடம், பழைய மாணவர் மூவருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம், உடன் பணியாற்றியவர் ஒருவர், மேலாண்மைக் குழுத் தலைவர், சிறப்பு விருந்தினர், மடல் வாசிப்பு, கடைசியில் ஏற்புரை. விருந்தினர் தாமதமானால் காத்திருக்காமல் தொடங்கிவிடுங்கள். அவர் எப்போது வந்தாலும் நடுவில் பேச வைக்கலாம். பிள்ளைகள் ஜமுக்காளத்தில் நிழலில் உட்கார வேண்டும், ஓரத்தில் குடிதண்ணீர் இருக்க வேண்டும். சிலருக்கு மேடையில் குரல் உடைந்துபோகும். ஏற்புரையில் பேச முடியாமல் நின்றால் யாரும் மைக்கைப் பிடுங்கி நிரப்ப வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் போதும், அவரே மீண்டு வருவார்.

குழுப்படத்தை விழா முடிந்தபின் எடுப்பதாகச் சொல்லாதீர்கள். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும், மாலையும் கசங்கியிருக்கும். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும், கட்டடத்தின் முழு நிழல் விழும் பக்கத்தில் எடுங்கள். வேப்பமர நிழல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். சின்னப் பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் நாற்காலியில், நான்கு ஐந்தாம் வகுப்பு பின்னால் நிற்க, கடைசி வரிசை பெஞ்சில்.

சாப்பாட்டை எளிமையாக வையுங்கள். காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள், மதியம் சத்துணவும் உண்டு. இடையில் ஒரு சர்க்கரைப் பொங்கல் போதும். நூறு பேருக்குத் தொன்னையில் கொடுக்க 3 கிலோ பச்சரிசி, முக்கால் கிலோ பாசிப்பருப்பு, 5 கிலோ வெல்லம், 600 கிராம் நெய், 200 கிராம் முந்திரி, 150 கிராம் திராட்சை, 25 கிராம் ஏலக்காய். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் பாகை ஊற்ற வேண்டும். வெல்லம் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் அரிசி வேகாது. ஆறினால் இறுகும் என்பதால் ஒரு லிட்டர் சுடுதண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

பொறுப்பு ஒப்படைப்பை விழா நாளுக்கு இழுக்க வேண்டாம். ஓய்வு பெறுபவர் தலைமை ஆசிரியர் என்றால் சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் புத்தகம், இருப்புப் பதிவேடு, சாவிகள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு இரண்டு படி எடுத்து ஒரு வாரம் முன்பே சரிபார்த்து வைத்துவிட்டு, கையெழுத்தை மட்டும் கடைசி நாளில் போடலாம். மேலாண்மைக் குழு வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றத்துக்கும், பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் பதிவான கைபேசி எண்ணை மாற்றவும் அப்போதே ஏற்பாடு செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் ஜூன் மாதம் முழுக்க ஓய்வு பெற்றவருக்கு ஓ.டி.பி. கேட்டு போன் போய்க்கொண்டிருக்கும். பீரோவில் இருக்கும் அவருடைய சொந்தப் பொருள்களையும் அன்றே எடுத்துக் கட்டுங்கள்: குடை, மூக்குக்கண்ணாடிக் கூடு, பழைய குழுப்படங்கள், நாற்காலி மெத்தை.

நினைவாக மரம் நடுவதாக இருந்தால் விழா நாளில் நடாதீர்கள். ஏப்ரலில் வைத்த கன்று மே மாதம் பூட்டிய பள்ளியில் தண்ணீர் இல்லாமல் காய்ந்துவிடும். குழியை மட்டும் இப்போது காட்டிவிட்டு, ஐப்பசி மழையில் அவரையே திரும்ப அழைத்துப் புங்கனோ வேம்போ நட வையுங்கள். மறுபடி பள்ளிக்குள் வர அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

வீட்டில் கொண்டுபோய் விடும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு கார் அல்லது ஒரு வேன். ஒருவர் கால் மணி நேரம் முன்னால் போய் வீட்டில் சொல்லிவைத்தால் ஆரத்தித் தட்டு தயாராக இருக்கும், வருபவர்களுக்கு உட்கார இடம் இருக்கும். காபிக்கு மேல் எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம் என்று வீட்டாரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மாலை, பழத்தட்டு, சட்டம் போட்ட மடல் எல்லாம் டிக்கியில் போகட்டும். பிள்ளைகள் எழுதிய ஏட்டை மட்டும் அங்கே வைக்காதீர்கள். மாலையின் ஈரம் பட்டால் ஸ்கெட்ச் மை கலைந்துவிடும். அது அவர் மடியிலேயே வரட்டும்.