ஜிஐ பைப்பில் துரு ஏன் ஜாயின்ட்டிலேயே ஆரம்பிக்கிறது?

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் போனால் மொட்டை மாடி ஷெட்டுகளைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். ஜிஐ பைப், அதாவது துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புப் பைப், நடுவில் நன்றாகவே இருக்கும். ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் மட்டும் செம்மண் கரைத்து ஊற்றின மாதிரி துரு இறங்கியிருக்கும். பைப் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு. ராடு பட்ட இடத்தைச் சுற்றி இரும்பு வெறும் உடம்போடு உப்புக்காற்றில் நிற்கிறது.

அதன்மேல் நம் ஊரில் அடிப்பது சில்வர் பெயிண்ட். நிறம் ஒத்துப்போகும், வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார். ஆனால் அதில் இருப்பது அலுமினியத் தூள். துத்தநாகம் வெறும் மூடி இல்லை. கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முந்தித் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். அதற்கு அது இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் நானே ஏமாந்தேன். தானே புயலுக்கு அடுத்த வருஷம், 2012-ல், வீட்டு மாடிப்படிக் கைப்பிடிக்கு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே ஜிங்க் ஸ்பிரே (துத்தநாகத் தூள் கலந்த பெயிண்ட்) அடித்தேன். அடுத்த ஐப்பசி மழைக்கே கொப்புளம். நகத்தால் கிள்ளினால் சாம்பல் செதில், அடியில் ரெட் ஆக்சைடு, அதற்கும் அடியில் துரு. பிரைமர் குறுக்கே நின்றதால் துத்தநாகம் இரும்பைத் தொடவே இல்லை. காசு கொடுத்துச் சாம்பல் பெயிண்ட் வாங்கியிருக்கிறேன்!

வெல்டின் மேல் படிந்த கசடான ஸ்லாக்கைத் தட்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரைண்டர் போடுங்கள். வயர் பிரஷ்ஷால் வழுவழுவென்று மினுக்கிவிட்டால் பூச்சு பிடிக்காது. நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காய்ந்ததும் அன்றைக்கே ஜிங்க் ஸ்பிரேயை நேராக இரும்பின் மேல் அடித்துவிடுங்கள். பனி ஈரத்தில் வேண்டாம். டப்பாவைக் கை வலிக்கக் குலுக்க வேண்டும். துத்தநாகம் அடியில் போய்ப் படிந்துகொள்ளும், குலுக்காவிட்டால் வருவது வெறும் பிசின்தான். சுற்றியுள்ள நல்ல பூச்சின் மேலும் இரண்டு விரற்கடை ஏற்றி அடியுங்கள். துத்தநாகப் பூச்சுக்கான ஐஎஸ்ஓ 1461 தரம், இப்படிப் பூச்சு போன இடத்தைச் சரிசெய்யும் டச்-அப்புக்கு 100 மைக்ரான் (0.1 மி.மீ.) கனம் கேட்கிறது. ஒரு கோட்டில் அது வராது.

கேட், கைப்பிடி மாதிரி வேலைகளை முழுக்க வெல்டிங் முடித்து ஹாட் டிப்புக்கு, அதாவது ஆசிட்டில் கழுவி உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதற்கு, அனுப்புவதே மேல். அதிலும் ஸ்லாக்கை ஆசிட் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். கரையாது, அந்த இடம் கறுப்பாகத் திரும்பி வரும். இரண்டு முனையும் அடைத்த பைப்பை ஓட்டை போடாமல் அனுப்புவது அதைவிட மோசம். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் 450 டிகிரித் தொட்டியில் அது நீராவியாகிப் பைப்பே வெடிக்கும்.

ஜிஐயில் வெல்டிங் வைத்த அன்று சாயந்திரம் குளிர்காய்ச்சல் வருவது வெல்டர்களுக்குத் தெரிந்த கதை. துத்தநாகப் புகை செய்யும் வேலை அது. பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். புகை போனது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. வைக்கப்போகும் இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் பூச்சை முதலிலேயே தேய்த்து எடுத்துவிட்டு, காற்று புகையை முகத்திலிருந்து தள்ளிக்கொண்டு போகும்படி உட்கார்ந்து வையுங்கள். பூச்சைத் தேய்த்தால் வெல்டில் ஓட்டை விழுவதும் குறையும்.