பல வருஷம் கழித்து வொண்டர்லா போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்க்கலாம்

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மே மாதம் என்றாலே உறவினர் வருகைதான். சேலத்திலிருந்து சித்தப்பா வீட்டார், வேலூரிலிருந்து அத்தை பிள்ளைகள் என்று வீடு நிறைந்ததும் லால்பாக் ஒரு நாள், பன்னேர்கட்டா ஒரு நாள், அப்புறம் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா ஒரு நாள் என்று திட்டம் ஓடும். பெரியவர்களில் பலர் கல்லூரிக் காலத்திலோ கல்யாணமான புதிதிலோ அங்கே போய் வந்தவர்கள். "எனக்குத் தெரியாத இடமா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று முன்னால் நிற்பவர்களும் அவர்கள்தான். பழைய நினைவை மட்டும் நம்பிக் கிளம்புவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன. பூங்கா மாறியிருக்கிறது, போகும் வழி மாறியிருக்கிறது, கூட வரும் ஆட்களின் வயதும் மாறியிருக்கிறது.

மைசூர் சாலையில் பிடதிக்கு முன்னால் இருக்கும் இந்தப் பூங்கா 2005இல் திறக்கப்பட்டது. வி-கார்ட் நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, அதற்கு முன் 2000ஆம் ஆண்டு கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் ஒரு பூங்கா அமைத்திருந்தார். பெங்களூரு இரண்டாவது. தொடக்க வருஷங்களில் வந்துபோனவர்கள் இன்று உள்ளே நுழைந்தால் முதலில் உணர்வது நிழலைத்தான், அன்று இடுப்பளவு இருந்த செடிகள் இன்று மரங்கள். வளாகத்துக்குள்ளேயே தங்கும் விடுதி இருக்கிறது. முன்னோக்கிப் பாய்ந்து தலைகீழாகச் சுழன்று, அதே பாதையில் பின்னோக்கித் திரும்பும் ரீகாயில் என்ற ரோலர் கோஸ்டரும் பிற்பாடு வந்ததுதான். இவற்றை எல்லாம் அறியாமல் பழைய நான்கு ரைடுகளைத் தேடி அலைந்தால் பாதி நாள் நடையிலேயே போய்விடும். நுழைவாயிலில் வரைபடத்தைப் படம் பிடித்துக்கொண்டு, எது எங்கே என்று ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். பழைய பிரியமான ரைடு ஒன்று இல்லாமல் போயிருக்கலாம். அதற்காகப் பிள்ளைகளிடம் நாள் முழுக்க "எங்க காலத்துல" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அவர்களுக்கு இதுதான் முதல் முறை.

வழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலை திறந்த பிறகு, பழைய மைசூர் ரோடு நினைவில் ஓட்டுபவர்கள் நேராகப் பிரதான பாதையில் ஏறிவிடுகிறார்கள். அதிலிருந்து நினைத்த இடத்தில் இறங்க முடியாது. பூங்காவைத் தாண்டிப் போய்ச் சுற்றித் திரும்ப நேரும். கெங்கேரி தாண்டியதும் சர்வீஸ் ரோட்டுக்கு வந்துவிடுவது நல்லது. பைக்கும் ஆட்டோவும் 2023 ஆகஸ்ட் முதல் பிரதான பாதையில் போகவே கூடாது. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி வந்திருக்கிறது. மெட்ரோவின் ஊதா வழித்தடம் இப்போது மேற்கே செல்லகட்டா வரை ஓடுகிறது. அல்சூரிலோ எம்.ஜி. ரோட்டிலோ ஏறிக் கெங்கேரியில் இறங்கினால், மிச்ச தூரத்துக்குப் பிடதி, ராமநகரம் பக்கம் போகும் பஸ் இருக்கிறது. நகர நெரிசலில் காரில் ஊர்வதைவிடப் பிள்ளைகள் தெம்போடு போய்ச் சேருவார்கள்.

நாள் தேர்வில் பலரும் சறுக்குகிறார்கள். கர்நாடகப் பள்ளிகளுக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் ஒரே சமயத்தில் விடுமுறை இருக்கும் வாரங்களில் சனி, ஞாயிறு போனால் வரிசையில் நிற்பதே வேலையாகிவிடும். வார நாள் என்றால் காலியாக இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. நவம்பர் முதல் ஜனவரி வரை பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வார நாளில்தான் வரும். ஆனாலும் செவ்வாய், புதன் எனக்குப் பிடித்த நாட்கள். வார இறுதியைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் வரிசையைக் குறைக்கும் ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட்டை யோசிக்கலாம். வார நாளில் அது வீண் செலவு. எதுவாயினும் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். கவுன்டரில் நிற்கும் நேரம் மிச்சம், சலுகைகளும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இனி உயரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகக் கண்ணீர் சிந்தப்படுவது இங்கேதான். வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டை வயதை வைத்துப் பார்ப்பதில்லை, உயரத்தை வைத்துத்தான். 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம், அதற்கு மேல் 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட். பெரிய ரைடுகள் பலவற்றிலும் ஏறக்குறைய அந்த 140தான் எல்லைக்கோடு. ஒரே வகுப்பில் படிக்கும் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவன் 142, இன்னொருத்தி 137 என்று இருந்தால், அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு ஒரு குழந்தை மட்டும் திருப்பி அனுப்பப்படும். ஊழியரிடம் "ரெண்டு செ.மீ.தானே சார், விடுங்க" என்று கெஞ்சும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கெஞ்சுவது சரியே இல்லை.

காரணம் எளிது. ரைடு தலைகீழாகும்போதும், உச்சியிலிருந்து சட்டென்று கீழே இறங்கும்போதும் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அப்போது நம்மைப் பிடித்து வைத்திருப்பது தோள்மேல் வந்து பூட்டும் கம்பியும் இடுப்புக்குக் குறுக்கே வரும் பட்டையும் மட்டுமே. அவை குறிப்பிட்ட அளவு உடம்புக்கென்று செய்யப்பட்டவை. சின்ன உடம்பில் அந்தக் கம்பி முழுதாக இறங்கிப் பூட்டிய பிறகும் இடைவெளி மிஞ்சும், அந்த இடைவெளி வழியே குழந்தை நழுவலாம். பிள்ளைக்குத் தைரியம் இருக்கிறது, எடை இருக்கிறது என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. ஆகவே முந்தின நாளே வீட்டில் சுவரோரம் செருப்பில்லாமல் நிற்கவைத்து அளந்துவிடுங்கள். யார் எதில் ஏறலாம், ஏற முடியாத குழந்தையோடு அந்த நேரம் யார் வேறு ரைடுக்குப் போவது என்று பேசி வைத்துக்கொண்டால் வரிசை முனையில் அழுகை இருக்காது.

பெரியவர்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். இருபத்தைந்து வயதில் சுழன்ற ரைடில் நாற்பத்தைந்தில் சுழலும்போது கழுத்தும் முதுகும் வேறு பதில் சொல்லும். ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுத்தண்டு வலி, கர்ப்பம் என்று பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

உடை விஷயத்தில் பெண்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். தண்ணீர் ரைடுகளில் பருத்தி, ஜீன்ஸ், சேலை, துப்பட்டா எதற்கும் அனுமதியில்லை. நைலான், பாலியஸ்டர், லைக்ரா மாதிரி துணி வேண்டும். இதை வாசலில் கேட்டுவிட்டு அத்தைமார் கரையிலேயே உட்கார்ந்துவிடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், காலில் சுற்றிக்கொள்ளும். அதன் நூல் பிசிறுகள் வடிகட்டியை அடைக்கும். ஜீன்ஸின் ஜிப்பும் பித்தானும் சறுக்கு மரத்தின் வழவழப்பைக் கீறிவிடும், அடுத்து வருபவரின் தோலில் அந்தக் கீறல்தான் உரசும். இதற்காக நீச்சல் உடை என்று தயங்க வேண்டியதில்லை. முழுக்கை பாலியஸ்டர் டி-ஷர்ட்டும் கணுக்கால் வரை நீண்ட நைலான் லெக்கிங்ஸும் போதும், சிக்பேட்டையிலோ கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலோ முன்னமே வாங்கி வைத்தால் மலிவாகவே முடியும். அம்மாவுக்கும் ஒன்று வாங்குங்கள். செயற்கை அலை எழும் வேவ் பூலின் கரையோர ஆழத்தில் கால் நனைத்து நிற்கவும், மெதுவாக ஓடும் லேசி ரிவர் நீரோடையில் ட்யூபில் மிதக்கவும் அறுபது வயது தடையே இல்லை. தாத்தா பாட்டியைப் பைகளுக்குக் காவலாக நாள் முழுக்க பெஞ்சில் உட்காரவைப்பது நியாயமே இல்லாத வழக்கம். வாடகைக்கு லாக்கர் இருக்கிறது, பையை அதில் போட்டுவிட்டு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ரைடுகளின் வரிசைமுறையில் பெங்களூரு வானத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலுக்கு மேல் இடியுடன் மழை வருவது இங்கே சகஜம். இடி, பலத்த காற்று என்றால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரோலர் கோஸ்டரைத் தள்ளிப்போட்டவர்கள் அப்படியே திரும்புவதுண்டு. எனவே காலையில் உயரமானவை, வெயில் ஏறியதும் தண்ணீர். டிசம்பரிலும் இதே முறைதான், காரணம்தான் வேறு. காலைக் குளிரில் நனைந்தால் பிள்ளைகள் நடுங்கிப்போவார்கள்.

சாப்பாடு? வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே புளியோதரைப் பாத்திரத்தோடு வாசலில் வாதம் செய்ய வேண்டாம். காலையில் வீட்டிலோ பிடதிப் பக்கத்துத் தட்டு இட்லிக் கடையிலோ அளவாகச் சாப்பிட்டுவிடுங்கள். சுழலும் ரைடில் உடம்பின் அசைவை உணரும் உட்காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாமல் மூளை குழம்புவதால்தான் குமட்டல் வருகிறது. வயிறு முட்ட இருந்தால் அது இரட்டிப்பாகும், முழுப் பட்டினியும் உதவாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நேராக வேவ் பூலுக்கோ, பாட்டுக்கு நடுவே செயற்கை மழையில் ஆடும் ரெயின் டிஸ்கோவுக்கோ போனால் வயிறு தாங்கும்.

வேவ் பூலில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அலை தொடங்குவதற்கு முன் சைரன் அடிக்கும்போது குழந்தை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மீட்புக் காவலர் இருக்கிறாரே என்று விட்டுவிடக் கூடாது. கூட்டத்தில் ஒரு சின்னத் தலை மறைவதற்கு நேரமே ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மூடும் நேரம் வரை இருக்காதீர்கள். மைசூரு பக்கம் போன வண்டிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் நகரத்துக்குத் திரும்பும், பார்க்கிங்கிலிருந்து வெளியே வரவே நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம் முன்னதாக உடை மாற்றிவிட்டு, ஈரத்துணியைத் தனிப் பையில் கட்டிக்கொண்டு கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம்.