ஜாஸ், பியானோ, அக்கூஸ்டிக் பாப்: தானே எழுதித் தானே பாடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பியானோ வாசிப்பது, பாடுவது எல்லாம் ஒரே ஆளாக இருக்கும்போது, "அந்த இடத்தில் கொஞ்சம் கையை எடு" என்று சொல்லப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. ஜாஸையும் அக்கூஸ்டிக் பாப்பையும் கலந்து பாடும் சுயாதீனக் கலைஞர்களின் பதிவுகளைக் கேட்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது இதுதான்: அவருக்குள் இருக்கும் பியானோக்காரர், அவருக்குள் இருக்கும் பாடகருக்கு இடம் விடுவதில்லை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் கார்ட் விஷயம், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. ஜாஸ் படிக்க ஆரம்பித்ததும் கார்டின் மேல் 9-வது, 11-வது, 13-வது என்று சுரங்களை அடுக்கிக்கொண்டே போகும் ஆசை வரும். சாதாரண மேஜர் கார்ட் வாசிக்கவே கை கூசும். ஆனால் ஜாஸின் நிறம் அடுக்கின் உயரத்தில் இல்லை, ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குச் சுரங்கள் நகரும் விதத்தில் இருக்கிறது. டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் எஃப், சி இரண்டை மட்டும் பிடியுங்கள். ஜி 7 வரும்போது எஃப் அசையாது. சி அரைச்சுரம் இறங்கி பி ஆகும். அடுத்து சி மேஜர் 7 வரும்போது பி அசையாது. எஃப் அரைச்சுரம் இறங்கி ஈ ஆகும். இடது கையில் கார்டின் பெயருக்குரிய அடிச்சுரத்தைச் சேர்த்தால் போதும், வேண்டிய நிறம் வந்துவிடும். இதை மட்டும் வைத்து முழுப் பாட்டையும் ஒருமுறை பாடிப் பாருங்கள். இதில் நிற்காத பாட்டு, 13 சேர்த்தாலும் நிற்காது.

மெட்டு எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் கார்டை அலங்கரிப்பது அடுத்த தவறு. பல்லவி சி-யில் வந்து முடிகிறது, அடியில் அழகான சி மேஜர் 7 ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டில் இருக்கும் பி-யும் குரலில் இருக்கும் சி-யும் உரசும். பாடுபவர் சுருதி விலகுவது போலக் கேட்கும். தன் தொண்டையில்தான் கோளாறு என்று நினைத்து அதே வரியை மணிக்கணக்காகப் பாடிப் பாடிப் பதிவு செய்பவர்கள் உண்டு. அந்த ஓர் இடத்தில் மேஜர் 7-க்குப் பதில் சி 6 (பி-க்குப் பதில் ஏ வரும் கார்ட்) வாசித்தால் உரசல் போய்விடும்.

அப்புறம் இடது கை. தனியாக வாசித்துப் பழகியவர், பேஸ் வாசிப்பவர் வந்து சேர்ந்த பிறகும் அடிச்சுரத்தை விடாமல் அடித்துக்கொண்டிருப்பார். நானும் இதைச் செய்திருக்கிறேன். என் முதல் பதிவில் பேஸ் ஏன் இப்படிக் குழம்புகிறது என்று மிக்ஸில் (தனித்தனிப் பதிவுகளைக் கலக்கும் கட்டத்தில்) நாள்கணக்காகத் தேடினேன். காரணம் என் இடது கையாக இருந்தது. பேஸ் இருந்தால் அடிச்சுரம் அவருடையது. 1950களின் பிற்பகுதியில் ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸ் போன்றவர்கள் பரவலாக்கிய, அடிச்சுரம் இல்லாத வாய்சிங்குகள் (கார்டின் சுரங்களை அடுக்கும் முறைகள்) அந்தச் சூழலுக்கானவை. இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. அந்த வாய்சிங்குகளை நன்றாகப் படித்தவர், மேடையில் தனி ஆளாக உட்கார்ந்தும் அதையே வாசிப்பார். எஃப், ஏ, சி, ஈ வாசிக்கும்போது அவர் மனதில் ஓடுவது டி மைனர் 9. டி-யைத் தர யாரும் இல்லாததால் கேட்பவர் காதில் விழுவது எஃப் மேஜர் 7. நடு சி-க்கு ஓர் ஆக்டேவுக்குக் கீழே நெருக்கமான சுரங்களைச் சேர்த்து வாசிப்பதையும் விட்டுவிடுங்கள். அங்கே அடிச்சுரத்தோடு ஐந்தாவது சுரமோ ஆக்டேவோ போதும், மற்றது எல்லாம் சேறாகிவிடும். பெடலும் அப்படித்தான். கார்ட் மாறும்போது காலை எடுக்காவிட்டால் பழைய கார்ட் புதியதன் மேல் வழியும், வார்த்தைகள் அதில் மூழ்கும்.

பியானோவோடு அக்கூஸ்டிக் கிட்டார் சேரும்போது இன்னொரு நெரிசல். பியானோவின் நடுப்பகுதி, கிட்டாரின் திறந்த கார்டுகள், பாடும் குரல் மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வாழ்கின்றன. மிக்ஸில் ஈக்யூ (ஒலியின் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்துச் சரிசெய்யப் பார்ப்பதைவிட வாசிப்பிலேயே பிரித்துவிடுவது மேல். கிட்டாரில் 5-வது அல்லது 7-வது கட்டத்தில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு மேலே ஏற்றுங்கள். இல்லையென்றால் சரணத்தில் கிட்டார் மட்டும், பல்லவியில் பியானோ மட்டும் என்று வைத்துப் பாருங்கள். இரண்டும் முழு நேரமும் சேர்ந்து வாசிக்க வேண்டிய பாட்டு மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

தாளத்தில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. பியானோ ஸ்விங்கில் போகும், கிட்டார் பாப் பாணியில் நேராக அடிக்கும். எது பாட்டின் நடை என்று முடிவு செய்யாததால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஸ்விங்கில் ஒரு பீட்டை இரண்டாகப் பிரிக்கும்போது முதல் பாதி நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் வரும். பாடப் புத்தகங்கள் இதை 2-க்கு 1 என்று எழுதும். உண்மையில் வேகம் கூடக் கூட அது சமமாகிக்கொண்டே போகும். அதனால் எல்லா வேகத்துக்கும் ஒரே ஸ்விங் அளவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் குவாண்டைஸ் செய்தால் (சுரங்களைக் கணக்கான இடத்துக்கு நகர்த்தினால்) பாட்டு விறைத்துவிடும். மெட்ரோனோம் 2-வது, 4-வது பீட்டில் மட்டும் விழுவதாக நினைத்துக்கொண்டு பழகுங்கள். பிரேசிலின் போஸா நோவா பாணியில் எழுதினால் ஸ்விங்கே வேண்டாம், அதன் நடை நேரானது.

இனி வார்த்தைகள். தமிழில் எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆங்கில ஜாஸ் மெட்டைக் காதில் வைத்துக்கொண்டு, அதன் நீண்ட சுரங்கள் விழும் இடத்தில் தமிழ்ச் சொல்லை உட்காரவைப்பார்கள். ஆங்கிலத்தில் ஓர் உயிரொலியை நீட்டினால் பெரும்பாலும் பொருள் மாறாது. தமிழில் குறிலை நீட்டினால் வேறு சொல் பிறந்துவிடும். "மனம்" என்பதில் முதல் எழுத்தை நீட்டினால் "மானம்". "படம்" பாடமாகும், "மலை" மாலையாகும், "விடு" வீடாகும். நீண்ட சுரத்துக்கு நெடிலைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் மெல்லின ஒற்றில் நில்லுங்கள்: "நெஞ்சம்" என்று பாடிக் கடைசி "ம்"-ஐ மூக்கில் முனகலாக நீட்டலாம், ஜாஸ் பாடுவதற்கு அது அருமையாகப் பொருந்தும். "பக்கம்", "விட்டு" போன்ற சொற்களில் வரும் வல்லின இரட்டிப்பு ஒரு சின்ன அடைப்பைத் தரும். பீட்டுக்குச் சற்று முன்னால் விழும் சுரத்தில் அப்படி ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள், தனியாகத் தாளக்கருவியே வேண்டாம். இதையெல்லாம் பார்க்காமல் மெட்டுக்காகச் சொல்லை வளைத்தால், கேட்பவருக்கு அது மொழிபெயர்த்த பாட்டாகவே படும்.

கைக்குச் சுலபம் என்று சுருதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பியானோக்காரருக்கு சி பிடிக்கும், கிட்டார்காரருக்கு ஜி பிடிக்கும். குரலுக்கு எது பிடிக்கும் என்பதுதான் கேள்வி. முதலில் வாத்தியம் இல்லாமல் பாடி, பல்லவியின் உச்சியும் சரணத்தின் அடியும் வசதியாக விழும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் பியானோவைத் திறங்கள்.

பதிவு செய்யும்போது வாசித்துக்கொண்டே பாடினால் உயிர் இருக்கும், ஆனால் குரல் மைக்கில் பியானோவும் கலந்திருக்கும். பிறகு ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாடுவதோ சுருதி திருத்துவதோ மிகவும் கடினம். முழு டேக்கையே நம்பி இறங்கத் தயார் என்றால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். அக்கூஸ்டிக் பியானோ இருந்தால் கிட்டாரை ட்யூனரை நம்பி அல்ல, அந்தப் பியானோவைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இறுதிப் பதிப்பான மாஸ்டரில் சத்தத்தை ஏற்றி நசுக்குவதும் வீண்: ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். மெல்லிய இடம் மெல்லியதாகவே இருக்கட்டும்.

வெளியிடும் நாளுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டைச் சமர்ப்பித்துவிடுங்கள். வெளியான பிறகு அந்த வழி கிடையாது.

பாட்டுக்கு ஓர் உரிமை, பதிவுக்கு ஓர் உரிமை என்று இரண்டு தனித்தனியாக உண்டு. பலர் இரண்டாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2003 கிராமி விழாவில் நோரா ஜோன்ஸ் பாடிய பாட்டுக்கு ஆண்டின் சிறந்த பதிவு விருது கிடைத்தது. அதே பாட்டுக்கான ஆண்டின் சிறந்த பாடல் விருது, அதை எழுதிய ஜெசி ஹாரிஸுக்குப் போனது. விருது மாதிரியே பணமும் இரண்டு வழியில் போகிறது. பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி எண்ணை (ஒவ்வொரு பதிவுக்குமான அடையாள எண்), பாட்டை இணையத் தளங்களில் சேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர் தந்துவிடுவார். பாட்டாசிரியராக, இசையமைப்பாளராக, ராயல்டியை வசூலிக்கும் உரிமைச் சங்கத்தில் பதிவு செய்வது உங்கள் வேலை, அதை வேறு யாரும் செய்யமாட்டார்கள். பேஸ் வாசித்தவர் சரணத்துக்கு ஒரு வரி மெட்டு சொல்லியிருந்தால், அதில் அவருக்குப் பங்கு உண்டா, எத்தனை சதவீதம் என்பதை ரெக்கார்டிங் முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.