டிஜிட்டல் வானொலியில் ப்ளூடூத்தும் அலாரமும்: படுக்கையருகே வைக்கும் முன்

படுக்கையருகே வைக்கும் டிஜிட்டல் வானொலியிடம் நாம் இரண்டு வேலைகளை ஒப்படைக்கிறோம். இரவில் கைபேசியிலிருந்து வரும் பாட்டையோ உரையையோ ப்ளூடூத் வழியே வாங்கி ஒலிக்க வேண்டும். காலையில் சொன்ன நேரத்தில் எழுப்பிவிட வேண்டும். இவற்றை அமைப்பது கடினமன்று. ஆனால் இரவு நாம் பெட்டியை எந்த நிலையில் விட்டுவிட்டுத் தூங்குகிறோம் என்பது காலை அலாரத்தைப் பாதிக்கக்கூடும் என்பதைக் கையேடுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆகவே பெட்டியை வாங்கிய அன்றே, பகலில், கீழே உள்ள வரிசையில் எல்லாவற்றையும் அமைத்து ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. மெனுவின் சொற்களும் பொத்தான்களின் இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேலை செய்யும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் கடிகாரம்

அலாரம் என்பது கடிகாரத்தின் வேலை. வானொலி அதற்குக் குரல் மட்டுமே கொடுக்கிறது. டிஏபி, டிஏபி பிளஸ் என்னும் டிஜிட்டல் வானொலி ஒலிபரப்பு முறைகளில் நிகழ்ச்சிகளோடு தேதியும் நேரமும் சேர்ந்தே வருவதால், ஆன்டெனாவை நீட்டி, முழு நிலையத் தேடலை ஓடவிட்டு, ஏதேனும் ஒரு நிலையத்தைக் கேட்கத் தொடங்கினால், சிறிது நேரத்தில் கடிகாரம் தானாகவே சரியாகிவிடும். பண்பலையிலும் ஆர்டிஎஸ் என்னும் தரவு வழியே நேரத்தை அனுப்பும் நிலையங்கள் உண்டு. அதை எடுத்துக்கொள்ளும் வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. அமைப்புகளில் நேரம் என்ற பகுதிக்குப் போனால், டிஏபியிலிருந்து, பண்பலையிலிருந்து, எதிலிருந்தும், தானாக மாற்றவே வேண்டாம் என்ற தெரிவுகள் தென்படும். பொதுவாக டிஏபியைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. நிலையத்தின் மணியொலியைக் காதால் கேட்டு நேரத்தைச் சரிசெய்யும் பழைய வழக்கம் மட்டும் இங்கே உதவாது. டிஜிட்டல் ஒலியைக் குறியீட்டிலிருந்து மீட்டெடுக்கச் சில நொடிகள் பிடிப்பதால், அந்த மணியொலி எப்போதும் சற்றுப் பிந்தியே நம் காதுக்கு வந்து சேரும்.

டிஏபி ஒலிபரப்பு இல்லாத இடத்தில் பெட்டியைப் பண்பலைக்கும் ப்ளூடூத்துக்கும் மட்டும் பயன்படுத்துபவர்கள் நேரத்தைக் கையால்தான் வைக்க நேரிடும். அப்போது மணியையும் நிமிடத்தையும் வைத்துவிட்டு, தேதியையும் ஆண்டையும் கவனியாமல் கடந்துபோவது எளிது. நான் ஒருமுறை ஆண்டை ஒன்று குறைத்து வைத்துவிட்டு, வேலை நாட்களில் மட்டும் எழுப்பும்படி அலாரத்தை அமைத்திருந்தேன். சனிக்கிழமை விடியலில் அது தவறாமல் அடித்தது. திங்கட்கிழமை வாயே திறக்கவில்லை. முந்தைய ஆண்டில் அதே தேதி பொதுவாக ஒரு நாள் முந்தைய கிழமையில் விழும் என்பதால், என் திங்கள் அதற்கு ஞாயிறாகவும், என் சனி அதற்கு வெள்ளியாகவும் இருந்திருக்கிறது. பெட்டியில் பழுதென்று எண்ணித் திருப்பிக் கொடுக்கும் எல்லைக்கே போய்விட்டேன்.

ப்ளூடூத்தை இணைத்தல்

பெட்டியில் ‘மோட்’ அல்லது ‘சோர்ஸ்’ என்ற பொத்தானைத் திரையில் ப்ளூடூத் என்று வரும்வரை அழுத்துங்கள். முதன்முறையாக இருந்தால், திரையில் இணைப்புக்குக் காத்திருப்பதாக எழுத்து வரும், அல்லது நீல விளக்கு வேகமாக மின்னும். இப்போது கைபேசியின் ப்ளூடூத் பட்டியலைத் திறந்தால், பெட்டியின் பெயர், பெரும்பாலும் நிறுவனப் பெயரும் மாடல் எண்ணுமாக, அதில் தோன்றும். அதைத் தொட்டதும் மின்னல் நின்று விளக்கு நிலையாக எரிந்தால் இணைப்பு முடிந்தது. கடவுச்சொல் கேட்டால், பழைய பெட்டிகளில் அநேகமாக 0000 என்பதே போதும். அடுத்த முறை இவ்வளவும் தேவையில்லை. ப்ளூடூத் நிலைக்கு மாற்றியதுமே இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

பெயரே பட்டியலில் வராவிட்டால், பெட்டி ஏற்கெனவே வேறொரு கைபேசியோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் யாரோ முன்பு ஒருமுறை இணைத்துப் பார்த்திருப்பார். அவருடைய கைபேசி அடுத்த அறையில் மேசைமீது கிடந்தபடியே பெட்டியைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே ப்ளூடூத்தை அணைத்துவிட்டால் இங்கே பெயர் வந்துவிடும்.

வாங்குபவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. படுக்கையறை வானொலிகளில் பெரும்பாலானவை ப்ளூடூத்தில் ஒலியை வாங்க மட்டுமே செய்யும், அனுப்பாது. அதாவது கைபேசியின் பாட்டு பெட்டியில் ஒலிக்கும், ஆனால் பெட்டியில் ஓடும் நிலையத்தை ப்ளூடூத் இயர்போனில் கேட்க முடியாது. அப்படிக் கேட்க விரும்பினால், அனுப்பும் வசதியும் உண்டென்று விவரக் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். இல்லையெனில் பின்புறமுள்ள இயர்போன் துளையும் கம்பியும்தான் வழி.

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. இசையைக் கொண்டுவரும் வழக்கமான வகை 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவிச் செல்வதால் சிறு இடையூறுகளை அது தானே சமாளித்துக்கொள்ளும். தடையில்லாத இடத்தில் சுமார் 10 மீட்டர் வரை எட்டும். சுவர் குறுக்கிட்டால் அந்தத் தூரம் சட்டென்று குறையும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. நீர் நிறைந்த நம் உடலும் அந்த அலைகளை உறிஞ்சும். படுத்தபடி கேட்கும்போது பாட்டு விட்டுவிட்டு வந்தால், பெட்டியைக் குறை சொல்வதற்கு முன், கைபேசி நமக்குக் கீழேயோ தலையணைக்கடியிலோ அகப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பலன் தரும். கைபேசியில் காணொளி பார்க்கும்போது ஒலி உதட்டசைவுக்குச் சற்றுப் பிந்தி வருவது வேறு விஷயம். அது இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு.

ஒலியளவில் இரண்டு கைகள் இருக்கின்றன; கைபேசியில் ஒன்று, பெட்டியில் ஒன்று. கைபேசியைக் குறைத்து வைத்துவிட்டுப் பெட்டியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். அதைவிட, பாட்டை நிறுத்திவிட்டு வானொலிக்கு மாறும் நொடியில் செய்தி வாசிப்பவர் அலறுவார். கைபேசியை முக்கால் அளவுக்கு மேல் வைத்து, பெட்டியின் குமிழால் கேட்கும் அளவைத் தீர்மானிப்பதே சரியான முறை. சில பெட்டிகளில் இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று கட்டுண்டு நகரும். அங்கே இந்தத் தொல்லை இல்லை. தூங்கப் போகும் முன் கைபேசியைத் ‘தொந்தரவு வேண்டாம்’ நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் நள்ளிரவில் வரும் குறுஞ்செய்தியின் மணி, கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அல்லாமல், பெட்டியின் பெரிய ஒலிபெருக்கியில் அடிக்கக்கூடும்.

அலாரம்

அலாரத்தை வைக்கும்போது நேரத்தோடு வேலை முடிந்துவிட்டதென்று நினைத்துப் பாதியில் வெளியேறுவதுதான் மிகச் சாதாரணமான தவறு. நேரத்துக்குப் பிறகு எவ்வளவு நிமிடம் ஒலிக்க வேண்டும், எந்த ஒலி, எந்த நிலையம், தினமுமா ஒருமுறையா வேலை நாட்களிலா வார இறுதியிலா, எவ்வளவு சத்தம் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். கடைசியில் சேமி என்பதை அழுத்திய பிறகே பல பெட்டிகள் எதையும் ஏற்றுக்கொள்ளும். திரையின் மூலையில் சிறிய மணிச் சின்னம் தோன்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

நிலையம் என்ற கேள்விக்குக் ‘கடைசியாகக் கேட்டது’ என்ற விடை முன்கூட்டியே தேர்ந்திருக்கும். அதை அப்படியே விட வேண்டாம். நள்ளிரவில் அலைந்து கடைசியாக நின்ற நிலையம் விடியற்காலையில் ஒலிபரப்பில் இருக்குமா என்பது நிச்சயமில்லை. நல்ல சிக்னல் கிடைக்கும் ஒரு நிலையத்தை நினைவுப் பொத்தானில் சேமித்து, அதையே அலாரத்துக்குக் கொடுங்கள். அலாரத்தின் சத்தம் வழக்கமாகக் கேட்கும் ஒலியளவிலிருந்து தனியானது. பகலில் போதுமென்று தோன்றும் அளவு, மின்விசிறி ஓடும் அறையில் ஆழ்ந்து தூங்குபவருக்குப் போதாது. அதையும் தூங்கும் அறையிலேயே, விசிறியை ஓடவிட்டுச் சரிபாருங்கள்.

டிஜிட்டல் வானொலியை அலாரமாக வைப்பதில் பண்பலைக்கு இல்லாத ஆபத்து ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன். பண்பலையில் சிக்னல் மெலிந்தால் இரைச்சல் வரும், இரைச்சலும் எழுப்பும். டிஏபியில் சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால் முதலில் நீர் கொப்பளிப்பது போன்ற சத்தம் வரும், அதன்பின் முழு மௌனம். மௌனம் யாரையும் எழுப்பாது. நிலையம் கிடைக்காதபோது தானாகவே பீப் ஒலிக்கு மாறிவிடும் வசதி பல பெட்டிகளில் உண்டு. நம்முடையதில் உண்டா என்பதை அறிய, ஆன்டெனாவை முழுவதும் மடக்கி வைத்து ஓர் அலாரத்தை அடிக்கவிட்டுப் பாருங்கள். சிக்னல் வலுவான இடத்தில் மடக்கிய ஆன்டெனாவிலும் நிலையம் வந்துவிடலாம். அப்போது இந்தச் சோதனை பலன் தராது. வேறு நேரங்களில் ஆன்டெனா முழுமையாக நீண்டு செங்குத்தாக நிற்கட்டும். டிஏபி 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், செங்குத்து அலையாகவே பெரும்பாலும் அனுப்பப்படுகிறது. இரும்பு அலமாரிக்குப் பின்னாலோ கணினித் திரையை ஒட்டியோ வைத்த பெட்டியை ஒரு முழம் நகர்த்தினாலே சிக்னல் கோடுகள் கூடுவதைக் காணலாம்.

இரண்டு அலாரங்கள் வைக்கும் வசதி இருந்தால், முதலாவதை வானொலிக்கும், பத்து நிமிடம் கழித்து வரும் இரண்டாவதைப் பீப் ஒலிக்கும் கொடுங்கள். பிடித்த நிலையத்தின் இதமான குரல் சிலரை எழுப்புவதற்குப் பதில் தாலாட்டிவிடுகிறது; இரண்டாவது அவர்களுக்கானது.

ஸ்னூஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அலாரம் அடிக்கும்போது பெரிய ஸ்னூஸ் பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்கள் ஓய்ந்து மீண்டும் அடிக்கும்; பவர் பொத்தானை அழுத்தினால் அன்றைக்கு அலாரம் முற்றாக நின்றுவிடும். தூக்கக் கலக்கத்தில் கை எந்தப் பொத்தானுக்குப் போகும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டும் சந்திக்கும் இடம்

இரவு ப்ளூடூத்தில் கேட்டபடி தூங்குபவர்கள் ஸ்லீப் டைமரைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 30 அல்லது 45 நிமிடம் வைத்தால், நேரம் முடிந்ததும் பெட்டி ஸ்டாண்ட்பை நிலைக்குப் போய்விடும். அந்த நிலையிலிருந்து அலாரம் எழும். இணைப்பு அறுந்ததும் பெரும்பாலான கைபேசிச் செயலிகள் பாட்டை நிறுத்திவிடும். உங்களுடையது கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் பாடத் தொடங்குகிறதா என்று ஒருநாள் விழித்திருந்து கவனியுங்கள். எதுவானாலும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்காதீர்கள். மின்சாரமில்லாத பெட்டிக்கு அலாரம் அடிக்க வலுவில்லை. பின்பலமாக மின்கலம் போடும் இடமிருந்தால் போட்டுவைப்பது மின்தடைக்கும் உதவும்.

இனி சோதனை. இப்போதைய நேரத்திலிருந்து மூன்று நிமிடம் தள்ளி அலாரத்தை வையுங்கள். முதல் முறை, ப்ளூடூத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அது அடிக்கட்டும்; பாட்டை விலக்கிவிட்டு நிலையம் வருகிறதா, வரத் தயங்குகிறதா என்று பாருங்கள். இரண்டாம் முறை, ஸ்டாண்ட்பையில் வைத்துவிட்டு, கைபேசியை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மூன்றாம் முறை, மின்கலம் போட்டிருந்தால், அடாப்டரைப் பிடுங்கிவிட்டு. மூன்றிலும் அடித்தால் அன்றிரவு நிம்மதியாகப் படுக்கலாம். ஒன்றில் தவறினாலும், அந்த நிலையில் பெட்டியை விட்டுத் தூங்குவதைத் தவிர்த்தால் போதும். பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. மென்பொருள் புதுப்பித்த பிறகும் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பெட்டி விநோதமாக நடந்துகொண்டாலோ, வேறொருவருக்குக் கொடுக்க நேர்ந்தாலோ, அமைப்புகளின் கடைசியில் இருக்கும் முழு மீட்டமைப்பைப் பயன்படுத்தலாம். அது நிலையங்கள், அலாரங்கள், ப்ளூடூத் இணைப்புகள் எல்லாவற்றையும் ஒருசேர அழித்துவிடும். ஆகவே நினைவுப் பொத்தான்களில் எவை இருந்தன என்று முன்பே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டமைத்த பிறகு கைபேசியின் பட்டியலிலும் பெட்டியின் பெயரைத் தொட்டு ‘மறந்துவிடு’ என்பதைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், பெட்டி தன்னை மறந்துவிட்டதை அறியாத கைபேசி பழைய இணைப்பிலேயே முயன்று முயன்று தோற்கும். புதிதாக இணைக்கவும் விடாது.