கீலாய்டு மேல் மைக்ரோநீட்லிங்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

தோல் மருத்துவம் முடித்துப் புதிதாக கிளினிக் பக்கம் வருகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். மைக்ரோநீட்லிங் என்றால் நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் சிகிச்சை; அதற்கான பேனாக் கருவியான டெர்மாபென் கையில் வந்ததும், தழும்பு என்று எது கண்ணில் பட்டாலும், காயத்தின் எல்லை தாண்டித் தடித்து வளரும் கீலாய்டே ஆனாலும், அதன் மேல் ஓட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. எங்கள் காலத்தில் ஊசி பதித்த ரோலர் வந்த புதிதிலும் இதே கதைதான். ஊசியைத் திரும்பப் பயன்படுத்தாதே, கையுறை போடு என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்லித்தர வேண்டிய நிலையில் இருப்பவர் ஊசியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மேடாக இருப்பதெல்லாம் ஒன்றே என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருகிற தவறு இது.

இந்தக் கருவி எதற்காக வந்தது என்று முதலில் பார்ப்போம். 1997-ல் கனடாவைச் சேர்ந்த கமிராண்ட், டூசே என்ற மருத்துவர்கள், மை ஊற்றாத பச்சை குத்தும் மெஷினால் தழும்புகளைக் குத்தி, அவற்றின் தோற்றம் மேம்படுகிறது என்று எழுதினார்கள். பிறகு ரோலர் வந்தது, அப்புறம் பேனா. 2018-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இப்படி ஒரு பேனாவுக்கு அனுமதி கொடுத்தபோது, அதை முகத்துப் பருத் தழும்புக்கு என்றுதான் கொடுத்தது. பருக்குழி என்பது தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனை இழந்த இடம். ஊசி நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் காயம் போடுகிறது. அதை ஆற்றப் புதுக் கொலாஜன் உருவாகிறது, பள்ளம் கொஞ்சம் மேலே வருகிறது.

கீலாய்டில் நிலைமை நேர் எதிர். காயம் ஆறி முடிந்த பிறகும் அங்கே ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜனைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. டி.ஜி.எஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி அவற்றை விடாமல் முடுக்குகிறது. மைக்ரோநீட்லிங் கிளப்பிவிடுகிற காரணிகளில் அதுவும் ஒன்று. ஆக, வெறும் ஊசியை வைத்துக் கீலாய்டைக் குத்துவது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகைச் செருகுகிற வேலை.

இதைப் பரீட்சையில் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். பிறகு ஏன் செய்கிறார்கள்? ஏற்கனவே ஒரு தடவை செய்து, அது சரியாகிப் பார்த்திருப்பார்கள். அதுதான் வினை. சிசேரியன் தழும்பு மூன்றாம் மாதத்தில் சிவந்து, தடித்து நிற்கும். பேனா போடுவார்கள். வருடக் கடைசியில் தட்டையாகிவிடும். 'பார்த்தீர்களா, கீலாய்டு போய்விட்டது' என்று முன்-பின் படம் சுவரில் ஏறும். ஆனால் அது கீலாய்டாகவே இருந்திருக்காது. ஹைப்பர்ட்ரோபிக் தழும்பு. காயம் பட்டு ஒன்றிரண்டு மாதத்தில் தடித்து, அரை வருடம் போல வளர்ந்து, பிறகு பெரும்பாலும் தானாகவே அடங்கும் வகை. சும்மா விட்டிருந்தாலும் அடங்கியிருக்கும். அந்தத் தைரியத்தில் அடுத்து வருகிற நெஞ்சுக் கீலாய்டில் கை வைக்கிறார்கள்.

அப்படிக் கை வைக்கப்பட்ட ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். பருவில் ஆரம்பித்த கீலாய்டு, நடு நெஞ்சில். எங்கோ ஆறு சிட்டிங் பேக்கேஜ் எடுத்திருந்தார். சட்டையைக் கழற்றியதும் எனக்குப் பழைய தழும்பு முதலில் கண்ணில் படவில்லை. அதைச் சுற்றி, நல்ல தோலாக இருந்திருக்க வேண்டிய இடத்தில், கடுகு அளவில் சின்னச் சின்ன மேடுகள் வரிசை பிடித்து நின்றன. ரோலர் ஓடிய தடம் அப்படியே தெரிந்தது. "மூணாவது தடவையிலேயே அரிப்பு தாங்கல டாக்டர். காயம் ஆறும்போது அப்படித்தான் அரிக்கும்னு சொன்னாங்க" என்றார். கீலாய்டு அரித்தால், குத்துவது போல் வலித்தால், ஓரம் சிவந்திருந்தால் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த அரிப்பைக் கேட்ட அன்றே நிறுத்தியிருக்கலாம். பேக்கேஜில் இன்னும் மூன்று பாக்கி இருந்ததால் நிறுத்தவில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய காயம் எந்த அளவு இருந்தது என்று கேளுங்கள். தழும்பு அந்த எல்லைக்குள் நின்றால் ஹைப்பர்ட்ரோபிக், எல்லை தாண்டி நல்ல தோலுக்குள் போனால் கீலாய்டு. எப்போது தடித்தது என்று கேளுங்கள். காயம் ஆறி மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுக் கிளம்புவது கீலாய்டின் குணம். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேளுங்கள். இடத்தைப் பாருங்கள்: நடு நெஞ்சு, தோள், மேல் முதுகு, காது மடல், தாடை ஓரம், பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடம். நெஞ்சில் தோல் பக்கவாட்டில் இழுபடுவதால் கீலாய்டும் பக்கவாட்டில்தான் நீளும். நடுப்பகுதி கொஞ்சம் தணிந்து, இரண்டு ஓரமும் தடித்துச் சிவந்து முன்னேறும்.

அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் பழைய ஓ.எச்.பி. ஷீட், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், ஒரு துண்டு போதும். தழும்பின் மேல் வைத்து, மார்க்கர் பேனாவால் ஓரத்தை வரைந்து, தேதி போட்டு ஃபைலில் குத்தி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஷீட்டை அதே இடத்தில் வையுங்கள். கோட்டுக்கு வெளியே எங்காவது ஒரு விரல்நுனி அளவு எட்டிப் பார்த்தாலும் அது வளர்கிற தழும்பு. செல்போன் படத்தை நம்பாதீர்கள். வெளிச்சமும் கோணமும் மாறினால் எந்தத் தழும்பும் பாதியாகத் தெரியும்.

முகத்தை மட்டும் பார்ப்பது

முகத்துப் பருக்குழிக்கு வந்தவரிடம் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்காதீர்கள். நெஞ்சு, தோள், காதின் பின்பக்கம் மூன்றையும் பாருங்கள். காலேஜ் வயதில் இரண்டாவது, மூன்றாவது துளை போட்ட காதுகளில் கம்மலுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒன்று ஒளிந்திருக்கும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். (குழந்தையில் காது குத்துகிற நம் வழக்கம் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனம்தான். 11 வயதுக்கு மேல் குத்தினால் கீலாய்டு வருவது அதிகம் என்று ஆய்வும் உண்டு.) உடம்பில் ஓர் இடத்தில் கீலாய்டு இருந்தால் தாடை ஓரத்தில் ஊசி ஓட்டுவதற்கு முன் பத்து தடவை யோசியுங்கள்.

'ஊசி வழியாக மருந்துதானே இறக்குகிறோம்' என்பது

இது கொஞ்சம் நியாயமுள்ள வாதம், ஒதுக்கிவிட முடியாது. பேனாவால் துளை போட்டு, மேலே ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டோ, செல் பெருகுவதைத் தடுக்கும் 5-ஃப்ளூரோயுராசிலோ விட்டு, உள்ளே இறக்கிப் பார்த்த ஆய்வுகள் வந்திருக்கின்றன. சிலவற்றில் பலன் தெரிகிறது. ஆனால் சேர்த்துக்கொண்ட நோயாளிகள் குறைவு, பின்தொடர்ந்த காலமும் குறைவு. கீலாய்டோ வருடங்கள் கழித்துத் திரும்புகிற சாமான்.

நடைமுறையிலும் சிக்கல் இருக்கிறது. பேனா ஊசியின் நீளம் பெரும்பாலும் அதிகபட்சம் 2.5 முதல் 3 மி.மீ. வரை. கீலாய்டின் தடிமன் பல நேரம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. போதாததற்கு அது ரப்பர் போல் கெட்டி. ஊசி நேராக இறங்காமல் வழுக்கி, பக்கவாட்டில் கீறும். மேலே விட்ட ஸ்டீராய்டு மேட்டிலிருந்து வழிந்து பக்கத்து நல்ல தோலில் தேங்கும். நம் ஊர் நிறத்துக்கு, தழும்பைச் சுற்றி வெளுத்த வளையம் ஒன்று வந்தால் தழும்பைவிட அதுதான் முதலில் கண்ணில் படும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. சாதாரண சிரிஞ்சில் அதைச் சொல்ல முடியும். எனக்கு சிரிஞ்சே போதும்.

சிரிஞ்சைத் தப்பான ஆழத்தில் வைப்பது

கீலாய்டுக்குள் சிரிஞ்சால் போடும் ட்ரையாம்சினோலோன் 10 முதல் 40 மி.கி./மி.லி. வரை, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. மருந்து கட்டியின் உடம்புக்குள் போக வேண்டும். போகும்போது அழுத்துகிற உங்கள் கை வலிக்கும், மேற்பரப்பு வெளுக்கும். சுலபமாக இறங்குகிறதே என்று சந்தோஷப்பட்டால் நீங்கள் அடியில் உள்ள கொழுப்பில் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கட்டி அப்படியே இருக்க, அதைச் சுற்றிப் பள்ளம் விழும். அழுத்தம் தாங்காமல் ஊசி கழன்று மருந்து முகத்தில் அடிக்கும் என்பதால் பூட்டுகிற வகை சிரிஞ்சு வாங்குங்கள். மருந்துக் குப்பியைக் குலுக்குங்கள், வெள்ளையாக அடியில் தங்கியிருப்பதுதான் மருந்து. பெண்களிடம் மாதவிலக்கு கொஞ்சம் முன்பின் ஆகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் நடு ராத்திரியில் போன் வரும்.

தட்டையானதும் கைகழுவுவது

நோயாளி வருவதை நிறுத்துவதும் இங்கேதான், நாம் ஃபைலை மூடுவதும் இங்கேதான். அரிப்பு நின்று, ஓரம் மெத்தென்று ஆகும் வரை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். தழும்பின் மேல் ஒட்டுகிற சிலிக்கோன் ஷீட் கொடுத்தால் ஒரு நாளைக்கு 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். நம் வெயிலில் அடியில் வியர்த்து வேர்க்குரு வரும். கழுவி, ஈரம் காயவிட்டு, திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். வெறுமனே 'போட்டுக்கோங்க' என்று கொடுத்தால் ஒரு வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விடும்.

வீட்டு ரோலர்

வேண்டாம்.

'வெட்டி எடுத்துட்டா என்ன?'

வெட்டுவதை மட்டும் செய்தால் பாதிப் பேருக்காவது திரும்பும், முன்பைவிடப் பெரிதாகவும் திரும்பும். வெட்டினால் பின்னாலேயே ஸ்டீராய்டோ, கதிர்வீச்சோ, காது மடலென்றால் அழுத்தும் கம்மலோ ஏற்பாடாகி இருக்க வேண்டும்.

காயமே படாத கீலாய்டு

நெஞ்சில் என்றால் மறந்துபோன பருவாக இருக்கலாம். வேறு இடத்தில், காயம் பட்ட நினைவே இல்லாமல், மெதுவாகப் பெருத்துக்கொண்டே போகிற கெட்டியான மேடு, ஸ்டீராய்டுக்கும் அசையவில்லையென்றால் அதைத் தழும்பு என்று அழைப்பதை முதலில் நிறுத்துங்கள். டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா என்ற தோல் புற்றுநோய் பார்ப்பதற்குக் கீலாய்டு போலவே இருக்கும். பயாப்ஸி ரிசல்ட் வரும் வரை பேனா, சிரிஞ்சு எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது.