பெட்டி வாங்குவது கடைசி வேலை: படுக்கையறை அலமாரியைச் செலவில்லாமல் அழகாக அடுக்குவது எப்படி?

அலமாரிக் கதவைத் திறந்ததும் மேல்தட்டிலிருந்து ஏதாவது ஒன்று தலையில் விழுகிறதா? அதைச் சுருட்டி உள்ளே திணித்து, அடுத்தது விழுவதற்குள் கதவைச் சாத்திவிடுகிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

ஒரு நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்பி, முதல் வேலையாக ஒரே மாதிரி 6 பிளாஸ்டிக் கூடைகள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து தட்டில் வைத்தால் ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. கதவு மூடவில்லை. அந்த ஆறும் இப்போது கட்டிலுக்கு அடியில் தூசி சேர்க்கின்றன. அதனால் இந்த விளக்கத்தில் கடைக்குப் போகிற வேலை கடைசியில்தான் வரும். அதற்குள் முக்கால்வாசிப் பேருக்குக் கடைக்குப் போகும் தேவையே இருக்காது.

படி 1: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

எல்லாவற்றையும் என்றால் ஒரு கைக்குட்டை விடாமல். தட்டுத் தட்டாகச் செய்யலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் துணி இடம் மாறுமே தவிரக் குறையாது. கட்டில் மேல் ஒரு பழைய போர்வையை விரித்து வகைவாரியாகக் குவியுங்கள். சட்டையெல்லாம் ஒரு பக்கம், கால்சட்டையெல்லாம் ஒரு பக்கம். என் குவியலில் கருப்பு லெக்கிங்ஸ் மட்டும் ஒன்பது கிடைத்தது. நான் போடுவது அதில் மூன்றுதான்.

இதைக் காலையில் ஆரம்பியுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு மணிக்குப் படுக்கக் கட்டில் இருக்காது.

காலியான அலமாரியை முதலில் உலர்ந்த துணியாலும், பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணியாலும் துடையுங்கள். முழுதாகக் காயும்வரை கதவு திறந்தே இருக்கட்டும். துடைக்கும்போது பின்பலகையின் மூலைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சையோ, வெள்ளியாக மின்னி ஓடும் ராமபாணப் பூச்சியோ இருந்தால் அங்கே ஈரம் தங்குகிறது என்று அர்த்தம்.

படி 2: கழித்துக் கட்டுங்கள்

போடுவது, கொடுத்துவிடுவது, தைக்கக் கொடுப்பது என்று மூன்று குவியல் போதும். "இளைத்தால் போட்டுக்கொள்ளலாம்" என்று நாலாவது குவியல் வைக்காதீர்கள். எனக்கு அந்த அனுபவம் நிறைய உண்டு.

முடிவெடுக்க முடியாதவற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. அவற்றை மாட்டும்போது ஹேங்கர் கொக்கியின் முனை உங்களைப் பார்க்கும்படி பின்பக்கமிருந்து மாட்டுங்கள். போட்டுத் துவைத்துத் திரும்ப மாட்டும்போது மட்டும் நேராகத் திருப்புங்கள். ஆறு மாதம் கழித்தும் திரும்பாமல் நிற்பவை எவை என்று கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

படி 3: டேப் எடுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இது. நானும் தாண்டித்தான் கூடை வாங்கினேன்.

முதலில் உள் ஆழம். பெரியவர்களுக்கான ஹேங்கரின் அகலம் சுமார் 42 முதல் 45 சென்டிமீட்டர். சட்டையின் தோளும் கையும் கதவில் இடிக்காமல் இருக்க 55 முதல் 60 வரை ஆழம் வேண்டும். 50-க்கும் குறைவு என்றால் பக்கவாட்டில் மாட்டி அவதிப்படாதீர்கள். பின்பலகையிலிருந்து முன்னோக்கி நீளும் குட்டைக் கம்பி பொருத்தலாம், இல்லையென்றால் மடித்தே வைத்துவிடலாம்.

அடுத்து உயரம். ஹேங்கரில் மாட்டிய சட்டை 90 முதல் 100 சென்டிமீட்டர் வரை தொங்கும். கணுக்கால் வரை வரும் உடை 150 வரை போகும். இப்போது உங்கள் அலமாரியைப் பாருங்கள். சட்டைகளுக்குக் கீழே ஒரு மீட்டர் இடம் சும்மா கிடக்கிறதா? அங்கே இரண்டாவது கம்பி போடலாம். ஆசாரியைக் கூப்பிட வேண்டியதில்லை. மேல்கம்பியிலிருந்து இரண்டு பக்கமும் சம நீளத்தில் சங்கிலி தொங்கவிட்டு, அவற்றின் அடி வளையங்களில் ஒரு குழாயைச் செருகினால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: மேல்கம்பி இப்போதே நடுவில் தொய்ந்திருந்தால் முதலில் அதற்கு நடுவில் ஒரு முட்டு கொடுங்கள்.

தட்டுகளுக்கு இடையில் 30 சென்டிமீட்டர் இருந்தால் மடித்த துணிக்கு வசதி. அதைவிட உயரமாக இருந்தால் அடுக்கு ஏறிக்கொண்டே போகும், அடியில் இருக்கும் ஒன்றை உருவினால் மொத்தமும் சரியும். நடுவில் குறுக்காக ஒரு பலகை வைத்து அந்த இடத்தை இரண்டாக்குங்கள். எல்லா அளவையும் ஒரு சீட்டில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

படி 4: எதைத் தொங்கவிடுவது, எதை மடிப்பது

ஸ்வெட்டர் போன்ற பின்னல் துணிகளைத் தொங்கவிடாதீர்கள். தன் எடையாலேயே நீண்டு, தோளில் ஹேங்கர் முனை கொம்பு மாதிரி புடைத்துவிடும். கனமான வேலைப்பாடுள்ள உடைகளும் படுக்கைவசத்தில்தான் இருக்கவேண்டும். சரிகை போட்ட பட்டுப் புடவையை மடித்து வைத்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் இழை விடும். இஸ்திரி போட்ட சட்டை, கோட்டு, வழுவழுப்பான துணி எல்லாம் தொங்கட்டும்.

டி-ஷர்ட்டை மட்டும் நிறுத்தி மடிக்கப் பழகுங்கள். குப்புறப் போடுங்கள். இரண்டு பக்கத்தையும் கையோடு சேர்த்து நடுவை நோக்கி மடித்தால் நீளமான பட்டை கிடைக்கும். கீழ் ஓரத்தைக் கழுத்துப் பக்கம் கொண்டுவாருங்கள், ஆனால் கழுத்தைத் தொடாமல் இரண்டு விரல் அகலம் விடுங்கள். பிறகு அதை மூன்றாக மடித்துத் தரையில் நிறுத்துங்கள். நின்றால் சரி. சாய்ந்தால் பட்டை அகலமாகிவிட்டது, திரும்ப மடியுங்கள். நாலைந்து சட்டைக்குப் பிறகு கை தானாகப் போகும்.

இப்படி மடித்தவற்றைப் புத்தகம் மாதிரி வரிசையாக நிறுத்த ஷூ பெட்டி போதும். பெட்டியை இழுப்பறைக்குள் வையுங்கள், மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தால் பெல்ட், சாக்ஸ் போட ஒரு தட்டு தயார்.

படி 5: அழகு எங்கிருந்து வருகிறது

முக்கால் பங்கு அழகு ஹேங்கரில் இருக்கிறது. நல்ல துணியே மாட்டியிருந்தாலும் ஒரு நீலம், ஒரு ஒடிந்த வெள்ளை, ஒரு கம்பி என்று கலந்து நின்றால் கண் உறுத்தும். ஒரே நிறம், ஒரே வடிவம் என்று மாற்றிப் பாருங்கள், துணி மாறாமலேயே அலமாரி மாறிவிடும். செலவு செய்ய ஒரே ஒரு இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மெலிசானதாக எடுத்தால் இடமும் மிச்சம்.

அப்புறம் வரிசை. நீளமானதை ஒரு ஓரத்தில் ஆரம்பித்துக் குட்டையானதில் முடியுங்கள். கீழ்விளிம்பு சரிவாக ஒரே கோட்டில் இறங்கும், குட்டைத் துணிகளுக்குக் கீழே ஒரு பெட்டி வைக்க இடமும் கிடைக்கும். ஒவ்வொரு வகைக்குள்ளும் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள்.

ஷூ பெட்டிகள் வெளியே தெரிகிற தட்டில் இருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே பழைய திரைச்சீலைத் துணியை ஒட்டிவிடுங்கள். தட்டில் விரிக்கச் செய்தித்தாள் வேண்டாம், மை வெள்ளைத் துணியில் ஏறும். வெறும் வெள்ளைத்தாள் போதும். பேட்டரியில் ஓடும் சின்ன எல்.இ.டி. விளக்கு ஒட்டுவதாக இருந்தால் மஞ்சள் ஒளியைத் தவிர்த்து 4000 கெல்வின் (உறையில் 4000K என்று போட்டிருக்கும், ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) அளவிலான வெள்ளை ஒளி எடுங்கள். மஞ்சள் ஒளியில் கருநீலமும் கருப்பும் ஒன்றாகத் தெரியும். ஒரு காலில் நீலம், இன்னொரு காலில் கருப்பு என்று சாக்ஸ் போட்டுக்கொண்டு வெளியே போனவள் சொல்கிறேன்.

படி 6: பூச்சியும் ஈரமும்

துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டுத் துணியையும் தின்னும். வியர்வையும் கறையும் பட்ட துணி என்றால் அதற்கு இன்னும் பிடிக்கும். அதனால் ஒருமுறைதான் போட்டோம் என்று அப்படியே உள்ளே வைக்காதீர்கள். சலவையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள், அது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

அந்துருண்டை போடும் பழக்கம் இருந்தால் ஒரு விஷயம். நாப்தலீன் உருண்டை கரைவதில்லை, ஆவியாகிறது, அந்த ஆவியைத்தான் அறையில் தூங்குகிறவர்கள் சுவாசிக்கிறார்கள். விழுங்கினால் விஷம். குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் அது வேண்டவே வேண்டாம். காய்ந்த வெயில் நாளில் கதவை ஒரு மணி நேரம் திறந்து வைப்பதே நல்ல வைத்தியம். ஷூ பெட்டிகளில் வரும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒரு கைப்பைக்குள் போட உதவும், மொத்த அலமாரிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

படி 7: இப்போது கடைக்குப் போகலாம்

கதவில் ஒட்டிய சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். ஆழத்தில் 2 சென்டிமீட்டர் கழித்துத்தான் பெட்டி எடுக்கவேண்டும். ஆறு வாங்காதீர்கள், ஒன்று வாங்குங்கள். ஒரு வாரம் புழங்கிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

மிச்சம் இருப்பது அந்த நாற்காலி. ஒருமுறை போட்டது, அழுக்கும் இல்லை சுத்தமும் இல்லை என்கிற துணியெல்லாம் குவிகிற நாற்காலி உங்கள் அறையிலும் இருக்கும். நான் முதலில் அதைத் தூக்கி அடுத்த அறையில் போட்டேன். இரண்டே நாளில் அங்கேயும் ஒரு ஜீன்ஸ் ஏறிவிட்டது. அப்புறம்தான் அலமாரிக் கதவின் வெளிப்பக்கம் நாலு கொக்கி அடித்தேன். நாலும் நிறைந்துவிட்டால் முதல் கொக்கியில் இருப்பது துவைக்கப் போகும். ஐந்தாவது கொக்கி வேண்டும் என்று வீட்டில் மனு வந்திருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை.