ஒரு கல்லுப்பை வைத்து அயனிப் பிணைப்பைப் புரிந்துகொள்வது எப்படி?

சமையலறையிலிருந்து ஒரு கல்லுப்பு, ஒரு பென்சில், ஒரு தாள். இவை போதும்.

படி 1: எலக்ட்ரான்களை எண்ணுங்கள்
உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. சோடியத்தின் அணு எண் 11. அதன் எலக்ட்ரான்கள் கூடுகளில் 2, 8, 1 என்று அமரும். குளோரினுக்கு 17, அதாவது 2, 8, 7. இரண்டிலும் கடைசி எண்ணை வட்டமிடுங்கள். நமக்கு வேலை அந்த வெளிக்கூட்டோடுதான்.

படி 2: ஒன்றை இடம் மாற்றுங்கள்
சோடியத்தின் கடைசி 1ஐ அடித்துவிட்டு அதைக் குளோரினில் சேருங்கள். இப்போது சோடியம் 2, 8. குளோரின் 2, 8, 8. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு.

படி 3: மின்சுமையைக் கணக்கிடுங்கள்
இழந்த சோடியத்துக்கு ஏன் கூட்டல் குறி? பலரும் தடுமாறும் இடம் இது. எலக்ட்ரானைக் கடன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்; ஒரு கடன் கழிந்தால் கணக்கு ஒன்று ஏறும். சோடியத்தில் 11 புரோட்டான் அப்படியே இருக்க, எலக்ட்ரான் 10 ஆகிவிட்டது. ஆகவே +1. குளோரினில் 17 புரோட்டான், 18 எலக்ட்ரான், ஆகவே −1.

படி 4: பிணைப்பு எங்கே என்று தேடுங்கள்
பலர் படி 2ஐயே பிணைப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. எலக்ட்ரான் கைமாறியதால் உண்டான அயனிகள் (மின்சுமை பெற்ற அணுக்கள்) ஒன்றையொன்று இழுக்கின்றனவே, அந்த ஈர்ப்புதான் பிணைப்பு.

'சோடியம் ஆசையாகக் கொடுக்கிறது' என்ற கதையையும் நான் நம்புவதில்லை. வாயு நிலையில் ஒரு மோல் (அணுக்களை எண்ணும் ஓர் அளவு) சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க ஏறத்தாழ 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அதை வாங்கிக்கொள்ளும்போது கிடைப்பதோ சுமார் 349தான். 147 நட்டம்! அயனிகள் ஒன்றுகூடிப் படிகமாகும்போது சுமார் 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. நட்டத்தை ஈடுகட்டுவது அதுதான். இதைப் படிகக்கூடு ஆற்றல் என்பார்கள்.

அந்தப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு (குளோரின் அயனி), ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம். இதில் எது எதற்கு ஜோடி? சொல்ல முடியாது. உப்புக்குள் 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று தனியாக ஒன்று கிடையாது; வாய்பாடு சொல்வது 1:1 என்ற விகிதத்தை மட்டும்.

படி 5: உப்பைத் தட்டிப் பாருங்கள்
கல்லுப்பைத் துணியில் சுற்றி அம்மிக்குழவியால் ஒரு தட்டு. வளையாது, நெளியாது, பொலபொலவென்று உடைந்துவிடும். அடுக்கு கொஞ்சம் நகர்ந்ததும் ஒரே மின்சுமை கொண்ட அயனிகள் எதிரெதிரே வந்து விலக்கிக்கொள்வதே காரணம். ஆனால் அடுப்பில் வைத்து உருக்க நினைக்காதீர்கள், அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

சரி, இப்போது நீங்களே செய்யுங்கள். மெக்னீசியம் 2, 8, 2. அதற்கு எத்தனை குளோரின் தேவைப்படும்? அப்புறம் மெக்னீசியத்தை ஆக்சிஜனோடு (2, 6) சேர்த்துப் பாருங்கள். மெக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். உப்பைவிட ஏன் இவ்வளவு அதிகம்? படி 3ல் செய்த கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள்.